மறைந்த அங்காடிகளும் மறையாத கணக்கும்

அங்காடி என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. பகலில் கூடும் கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி பிரித்துப் பேசுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாராட்டும் பட்டினப்பாலையோ, கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடாமலும் வாழ்ந்த அவர்தம் நடுவுநிலையை வியந்து போற்றுகின்றது. ஆண்டுதோறும் இப்பகுதிகளை வகுப்பில் நடத்தி வருகின்றோம். நடத்தும்போதெல்லாம் புகார் நகரத்து வணிகர் நம் கண்முன் வருவதில்லை. கொடுங்கையூரில் ஒரு தெருமுனையில், எட்டடி அகலக் கடையில், தராசின் பின்னே அமர்ந்திருந்த ஒருவரே வருகின்றார்.

இம்மலருக்குக் கட்டுரை வேண்டும் என மாணவர்கள் கேட்டபோது, மறைந்து போன பெருங்கடைகளைப் பற்றி எழுதலாம் என எண்ணினோம். எழுதத் தொடங்கிய பின்னரே, அந்தப் பெருங்கடைகளின் கதையும் இந்தச் சிறு கடையின் கதையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பது புலனாயிற்று. எனவே இரண்டையும் சேர்த்தே சொல்லுகின்றோம்.

மவுண்ட் ரோட்டு மாளிகைகள்

நம் தந்தையார் துறைமுகத்தில் பணியாற்றியவர். நாம் பள்ளிச் சிறுவனாக இருந்த நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மை மவுண்ட் ரோட்டுக்கு அழைத்துச் சென்றார். இன்று அண்ணா சாலை என வழங்கும் அப்பெருஞ்சாலையில் ஸ்பென்சர் மாளிகையின் எதிர்ப்புறம் நின்றுகொண்டு, சிவந்த சுவர்களையும் கூர்மாடங்களையும் நெடுநேரம் காட்டினார். உள்ளே செல்லவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. "பாத்தாச்சு இல்ல, வா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார். பெருங்கடை என்பது பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிய ஒன்று என்பதே நாம் கற்ற முதற்பாடம்.

அந்த ஸ்பென்சரின் வரலாறு நெடியது. 1863ஆம் ஆண்டளவில் சார்லஸ் டுரண்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் என்னும் இருவர் தொடங்கிய சிறு வணிகம், பின்னர் யூஜின் ஓக்‌ஷாட் என்பாரின் கைக்கு வந்தது. அவர் காலத்தில், 1895இல், இந்தோ-சாரசனிக் பாணியில் அந்த மாளிகை எழுந்தது. இரயில் நிலையங்களில் சிற்றுண்டிச்சாலைகளும், திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிலும், பல நகரங்களில் கிளைகளும் என அந்நிறுவனம் பரந்து வளர்ந்தது. 1983இல் தீ அம்மாளிகையை உண்டது. அவ்விடத்தில் 1991இல் ஸ்பென்சர் பிளாசா என்னும் வணிக வளாகம் எழுந்தது. ஸ்பென்சர் நிறுவனம் 1989இல் ஆர்.பி.ஜி. குழுமத்தாரிடம் சென்றது. மாளிகை சாம்பலாயிற்று, மண் வளாகமாயிற்று, பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி உயிர் வாழ்ந்தது.

அதே சாலையில் ஒயிட்வே லெயிட்லா என்றொரு பெருங்கடையும் இருந்தது. ராபர்ட் லெயிட்லா என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1882இல் கல்கத்தாவில் தொடங்கியது அது. இந்தியாவின் பெருநகரங்களில் மட்டுமன்றி கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர், ஷாங்காய் எனக் கிழக்குலகெங்கும் அதன் கிளைகள் இருந்தன. கடன் கொடுப்பதில்லை, ரொக்கத்திற்கே விற்பனை என்பது அக்கடையின் கொள்கை. ஆங்கிலேயர்கள் அக்கடையின் பெயரையே திரித்து, 'உடனே எடு, உடனே காசு கொடு' என்று பொருள்படக் கேலி பேசுவார்களாம். வெள்ளையர் ஆட்சி போயிற்று. அவர்களை நம்பிய வணிகமும் போயிற்று. சென்னையில் அக்கடை இருந்த கட்டடத்தில் குடியேறியது யார் தெரியுமா? பாரதியார் பணியாற்றிய சுதேசமித்திரன் நாளிதழ்! கட்டடத்திற்கு விக்டரி ஹவுஸ் எனப் பெயரும் சூட்டப்பட்டது. பின்னர் அந்த இதழும் நின்று போயிற்று. விக்டரி ஹவுஸ் என்னும் பெயர் வி.ஜி.பி. நிறுவனத்தாரின் பெயரோடு சேர்ந்து வழங்கலாயிற்று. அந்நியத் துணி விற்ற இடத்தில் சுதேசியம் பேசிய இதழ் வீற்றிருந்தது என்பதைக் காட்டிலும் காலத்தின் நகைச்சுவைக்கு வேறு சான்று வேண்டுமோ?

சங்கிலிக் கடைகள்

வெள்ளையர் கடைகள் போன பின் நம்மவர் கடைகள் வந்தன. திருவல்லிக்கேணியில் 1904இலேயே கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றிவிட்டது. பிற்காலத்தில் சிந்தாமணி, காமதேனு என்னும் பெயர்களில் கூட்டுறவு அங்காடிகள் தோன்றின. கேட்டதைக் கொடுக்கும் மணி, கேட்டதைக் கொடுக்கும் பசு என்று பெயர் வைத்தவர்கள் தமிழ் அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. அண்ணா நகர்ப் பேருந்தில் ஏறி 'சிந்தாமணி' என்று சீட்டு வாங்கும் இளைஞருள் எத்தனை பேருக்கு அஃது ஒரு கடையின் பெயர் என்பது தெரியும்? கடை பேருந்து நிறுத்தமாகிவிட்டது.

தாராளமயம் வந்த பின் தனியார் சங்கிலிக் கடைகளின் காலம் தொடங்கிற்று. 1996இல் சென்னையில் ஃபுட்வேர்ல்டு வந்தது. கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்ளும் முறையை நடுத்தர மக்களுக்குப் பழக்கியதில் அக்கடைக்குப் பெரும்பங்கு உண்டு. பத்தாண்டளவில் பங்காளிகள் பிரிந்தனர். இங்கிருந்த கடைகளுட் பல ஸ்பென்சர்ஸ் என்று பெயர்ப்பலகை மாற்றிக்கொண்டன.

அடுத்த ஆண்டே, 1997இல், திருவான்மியூரில் சுபிக்‌ஷா தோன்றியது. பளபளப்பு வேண்டா, குளிர்சாதனம் வேண்டா, விலை குறைந்தால் போதும் என்பது அதன் வழி. சிறு சிறு கடைகளாகத் தெருத்தெருவாகப் பரவிற்று. தமிழகத்தில் வேரூன்றிய பின் 2006 தொடங்கி வடநாட்டு நகரங்களிலும் மிக விரைவாகக் கிளை பரப்பி, 2008இல் ஏறத்தாழ 1600 கடைகளை எட்டியது. அவ்வாண்டில்தான் உலகெங்கும் நிதி நெருக்கடி மூண்டது. புதுக்கடன் கிடைக்கவில்லை, பழங்கடன் கழுத்தை நெரித்தது. 2009இல் கடைகள் அனைத்தும் மூடின. செழிப்பு என்னும் பொருள்படப் பெயர் பூண்ட நிறுவனம் பணத்தட்டுப்பாட்டால் மாண்டது.

இஃது இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று. இங்கிலாந்தில் 1909 முதல் நூறாண்டு நடந்த உல்வொர்த்ஸ் என்னும் கடைத்தொடர், எண்ணூறுக்கு மேற்பட்ட கிளைகளோடு 2009 சனவரியில் முற்றும் மூடியது; ஏறத்தாழ 27,000 பேர் வேலை இழந்தனர். நம் நாட்டிலேயே 2001இல் தோன்றி நாடெங்கும் புகழ்பெற்ற பிக் பஜாரும் கடனில் ஆழ்ந்தது. 2022இல் அதன் கடை இடங்களுட் பலவற்றை ரிலையன்ஸ் நிறுவனம் எடுத்துக்கொண்டது.

இத்தனை பெரிய கடைகள் சாய்வது எங்ஙனம்? பலசரக்கு வணிகத்தில் ஆதாயம் நூற்றுக்குச் சில ரூபாயே நிற்கும். வாடகை, கூலி, மின்சாரம், வட்டி அனைத்தும் அச்சில ரூபாயிலிருந்தே செல்ல வேண்டும். பெருங்கடைகள் சரக்கைக் கடனுக்கு வாங்குகின்றன. நம்மிடம் ரொக்கத்துக்கு விற்கின்றன. அந்த ரொக்கத்தைச் சரக்குக் கொடுத்தவருக்குச் சேர்ப்பதற்கு முன் புதுக்கடை திறப்பதில் போட்டுவிட்டால், ஒருநாள் சரக்கு வருவது நிற்கும். அலமாரி வெறிச்சோடும். வெற்று அலமாரியைக் கண்டவர் மறுநாள் வரமாட்டார். வராதபோது ரொக்கமும் இல்லை. சங்கிலியின் வலிமை கண்ணிகள் சேர்ந்திருப்பதில்தான் உள்ளது. அதன் ஆபத்தும் அதில்தான் உள்ளது. ஒரு முனை மூழ்கினால் மறுமுனையையும் உடன் இழுத்துச் செல்லும்.

பாய் கடை

இனி நம் தெருமுனைக்கு வருவோம்.

நம் குடும்பம் 1984இல் கொடுங்கையூரில் குடியேறியது. அக்காலத்தில் அங்கே வீடுகள் குறைவு. காலி மனைகளும் தேங்கிய நீரும் மிகுதி. காற்று திரும்பினால் குப்பைமேட்டுப் புகை வீட்டுக்குள் வரும். துறைமுகத்திலும் மணலியிலும் பெரம்பூர்ப் பக்கத்து ஆலைகளிலும் பணியாற்றியோர், நகருக்குள் வாடகை கொடுக்க இயலாமல் சிறுகச் சிறுக அங்கே மனை வாங்கினர். அவர்களுக்கெல்லாம் மளிகை அளந்தவர் ஒருவர். பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. 'பாய்' என்றால் அவர். 'பாய் கடை' என்றால் அந்தக் கடை.

வாரம் ஒரு முறை விடியற்காலையில் சௌகார்பேட்டைப் பக்கத்துக் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குச் சென்று, பருப்பும் மிளகும் புளியும் ரொக்கம் கொடுத்து வாங்கி வருவார். வந்த சரக்கைத் தெருவாருக்குக் கடனாகக் கொடுப்பார். பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று கல்லாப்பெட்டியின் மேல் எப்போதும் இருக்கும். வீட்டுக்கு ஒரு பக்கம். இடப்புறம் பற்று, வலப்புறம் வரவு. சம்பள நாளன்று வரவு விழும். மறுநாள் பற்றுத் தொடங்கும்.

மேலே சொன்ன கணக்கை ஈண்டு நினைவு கூர்க. சங்கிலிக் கடை கடனுக்கு வாங்கி ரொக்கத்துக்கு விற்றது. பாய் ரொக்கத்துக்கு வாங்கிக் கடனுக்கு விற்றார். ஒன்று ஊராரின் பணத்தில் நடந்தது. மற்றொன்றின் பணத்தில் ஊரார் நடந்தனர்.

1996இல் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை மூடப்பட்டது. நம் தெருவில் மட்டும் நான்கு வீடுகளில் அடுப்புக்கு வழியில்லை. அவ்வாண்டு நோட்டில் வலப்புறம் பல பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. இடப்புறம் மட்டும் நீண்டுகொண்டே சென்றது. நம் அன்னையார் ஒருநாள், "இப்படிக் குடுத்தா நீங்க எப்படி பாய் பொழைக்கிறது?" என்று கேட்டார். அவர் பொட்டலம் மடித்துக்கொண்டே, "அரிசி வாங்காம போனா எங்கம்மா போவாங்க?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

2011இல் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு சங்கிலிக் கடையின் கிளை வந்தது. மேலே பெயர் சுட்டிய நிறுவனங்களுள் ஒன்றன்று. பெயர் இங்கு வேண்டுவதுமில்லை. தூய தளம், கண்ணாடிக் கதவு, கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் குறைவு. முதல் மாதம் எண்ணெய் வாங்கச் சென்றோம். அடுத்த மாதம் பருப்பும் அங்கேயே ஆயிற்று. சிறுவனாக எதிர்ப்புறம் நின்று பார்த்துத் திரும்பிய நமக்கு, கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடப்பதில் ஒரு பெருமிதம் இருந்ததையும் மறைப்பதற்கில்லை.

பாய் கடையில் நம் பக்கத்தில் 1,840 ரூபாய் பற்று நின்றது. கொடுக்க இயலாத தொகையன்று. கல்லூரி ஆசிரியரின் சம்பளத்தில் அஃது ஒரு பொருட்டேயன்று. ஆயினும் கொடுக்கச் சென்றால், "ஏன் சார் இப்பல்லாம் வர்றதில்ல?" என்று அவர் கேட்டுவிடுவாரோ என்னும் கூச்சம். இந்த வாரம், அடுத்த வாரம் என நாள் தள்ளியது. பின்னர், நாள் தள்ளியதே ஒரு கூச்சமாயிற்று. பேருந்து நிறுத்தத்துக்குப் பாய் கடை வழியே செல்வதை விடுத்து அடுத்த தெரு வழியே செல்லலானோம். கடனாளி வழி மாறி நடப்பான் என்பது உலகறிந்த செய்தி. அவ்வாறு நடந்தவர் நாம் மட்டுமல்லர். வழி மாறிய கால்கள் நம் தெருவில் பல.

2013இல் பாய் கடை மூடப்பட்டது. மறு ஆண்டே சங்கிலிக் கடையும் மூடப்பட்டது. ஒருநாள் மாலை சென்றபோது ஷட்டர் இறங்கியிருந்தது. அங்கே பில் போட்ட பெண்பிள்ளைகள் இருவர் படிக்கட்டில் அமர்ந்து யாருக்கோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தனர். அன்றிரவு நம் வீட்டில் உப்பு இல்லை. கொடுங்கையூரில் உப்புக்குப் பஞ்சமா என்ன? வேறு கடைகள் இருந்தன. ஆயினும் இருபத்தேழு ஆண்டுகள் நமக்கு உப்பு அளந்த கடை இல்லை. அதை மூடியதில் நம் கையும் இருந்தது.

ஒரு பக்கம்

2018இல் பாய் காலமானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன், பள்ளிவாசல் முற்றத்தில் அவர் மகன் எழுந்து நின்று வழக்கப்படி அறிவித்தார். "எங்க அத்தா யாருக்காவது கடன் பட்டிருந்தா எங்கிட்ட சொல்லுங்க. நான் குடுத்துடறேன். தெரிஞ்சோ தெரியாமலோ தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க." இறந்தவரின் கடனைத் தீர்த்த பின்னரே சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது இஸ்லாமிய நெறி. கடன் அத்துணைப் பெரும் பொறுப்பாக எண்ணப்படுகின்றது. கூட்டம் அமைதியாக நின்றது. அவர் கொடுக்க வேண்டியது யாருக்கும் இல்லை போலும், ஒருவரும் முன்வரவில்லை. அவர்க்குக் கடன்பட்டவர்களோ அம்முற்றம் நிறைய நின்றோம்.

அன்று நமக்கு நேர்ந்த தலைகுனிவை எழுத்தில் வடிக்க இயலாது. ஆண்டுக்கு இருமுறை கடனறிதல் பற்றியும் செய்ந்நன்றி பற்றியும் பாடம் நடத்தும் வாய் அது.

ஏழு நாள் கழித்து அவர் இல்லம் சென்றோம். மகன் மூலக்கடைப் பக்கம் ஒரு பெரிய அங்காடியில் சரக்கு இறக்கிக் கணக்கெடுக்கும் பணியில் இருந்தார். தந்தையிடம் கற்ற தொழிலைப் பிறர் கடையில் செய்துவந்தார். நாம் வந்த காரியத்தைச் சொன்னதும் உள்ளே சென்று அந்தப் பழுப்பு நோட்டை எடுத்து வந்து, நம் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

பக்கங்களைப் புரட்டும்போது ஒன்று கண்ணிற் பட்டது. பல பக்கங்களில் குறுக்கே ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. ஆலை வேலை போனவர் வீடு, கணவனை இழந்த பெண்ணின் வீடு, சிறுநீரக நோயில் படுத்தவர் வீடு. நம் பக்கத்தில் கோடு இல்லை. ஏன் என்று கேட்டோம்.

"முடியாதவங்க கணக்கை அத்தாவே அடிச்சிட்டாங்க சார். முடிஞ்சவங்க கணக்கை அடிக்கல" என்றார் அவர். குரலில் குற்றச்சாட்டு இல்லை. நோட்டின் வழக்கத்தைச் சொன்னார், அவ்வளவே.

நாம் இரண்டாயிரம் ரூபாயை நீட்டினோம். எண்ணிப் பார்த்து, உள்ளே சென்று சில்லறை எடுத்து வந்து, 160 ரூபாயை நம் கையில் வைத்தார். இருக்கட்டும் என்றோம். "கணக்கு ஆயிரத்து எண்ணூத்து நாப்பதுதான் சார்" என்றார். பின்னர்ப் பேனாவை எடுத்து, வலப்புறத்தில் தேதி போட்டு, 'வரவு 1,840' என எழுதி, "சரியா பாத்துக்குங்க" என்று நோட்டை நம் பக்கம் திருப்பினார். கொள்வதை மிகையாகக் கொள்ளாதவர் என்று நாம் இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய தொடருக்குப் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

மாணவச் செல்வங்களே! பெருங்கடைகளை வெறுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. மலிவு விலை ஏழைக்கும் நன்மையே. உங்களுள் பலர் நாளை அத்தகைய நிறுவனங்களில் பணியாற்றுவீர்கள். சிலர் அவற்றை நடத்தவும் கூடும். அவை வளர்க! ஆனால் ஒரு கடை எதனால் நிற்கின்றது என்பதை அறிந்து வளர்க. மாளிகையால் நிற்பதாயின் ஸ்பென்சர் நின்றிருக்கும். கிளைகளின் எண்ணிக்கையால் நிற்பதாயின் ஆயிரத்தறுநூறு கடைகள் ஓராண்டில் மறைந்திரா. கொடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுப்பதும், கொடுக்க இயலாதவனை அறிந்து கோடு இழுப்பதும் அறிந்த கடையே கடை. அத்தகைய கடையும் சாய்வதுண்டு. அது சாய்ந்தால், குறை கடையில் இல்லை, கடைக்கு வருவதை நிறுத்திய நம்மிடம் உள்ளது.

சங்கிலிக் கடை இருந்த இடத்தில் இப்போது திருமண மண்டபம் நடக்கின்றது. பாய் கடையின் ஷட்டர் துருப்பிடித்து மூடிக் கிடக்கின்றது. வாடகைக்கு விடாமல் மகன் வைத்திருக்கின்றார். பேருந்து நிறுத்தத்துக்கு நாம் இப்போது அத்தெரு வழியாகவே செல்கின்றோம்.